“காலையில எடை எவ்வளவுங்க?”

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரைச் செவிலியர் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும்போது, நம் கொங்கு வட்டாரத்தில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, “நல்லாத்தானுங்க இருக்கேன்” என்பதே. பண்பான விடைதான், ஆயினும் அதனைக் கொண்டு உடல்நிலையை அறிய இயலாது. ஆகவேதான் செவிலியர் அடுத்து எடையைக் கேட்கிறார்.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவதன்று. இரத்தத்தை இறைக்கும் ஆற்றல் குறைவதாகும். அந்நிலையில் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கிவிடுகின்றன. 1 லிட்டர் நீர் தேங்கினால் எடை 1 கிலோ கூடும். பலருக்குக் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே எடை ஏறத் தொடங்கிவிடுகிறது. அப்போதே தெரிவித்தால், மருத்துவர் நீர் மாத்திரையின் அளவை மாற்றியமைத்து நிலைமையைச் சீராக்க வாய்ப்புண்டு.

இத்தகைய அழைப்புகளின் பயனை அர்ஜென்டினாவில் 51 மையங்களில் 1,518 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 22 பேர் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. செவிலியரின் அழைப்பையும் பெற்றவர்களில் அது 17 ஆகக் குறைந்தது. இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனினும் அழைப்பைப் பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது.

உணவைப் பற்றிக் கேட்பதும் குறை காண்பதற்கன்று. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் நன்று. கம்மங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், ஊறுகாய், அப்பளம், உப்புக்கண்டம் ஆகியவற்றாலேயே அதில் பெரும்பங்கு சேர்ந்துவிடும். பொள்ளாச்சி இளநீர் நமக்கு அருமையானதே; ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையையும் மறைக்காமல் கூறுங்கள். சில வலி மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கக்கூடியவை.

வீட்டார் செய்ய வேண்டியவை:

• நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் எடை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள்.

• ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால், செவிலியரின் அழைப்புக்குக் காத்திராமல் நீங்களே மருத்துவமனையை அழையுங்கள்.

• படுக்க இயலாத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.

“நல்லாத்தான் இருக்கேன்” என்பவர், நேற்றிரவு கூடுதலாக ஒரு தலையணை வைத்து உறங்கியதை அறிந்தவர் மனைவியோ மகனோ மருமகளோதான். செவிலியர் அழைக்கும்போது அவர்களிடமும் தொலைபேசியைக் கொடுங்கள்.