கற்பித்தவர் கற்ற மொழி



ஆங்கிலம் யாருடைய மொழி? இவ்வினாவைப் பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் கேட்டால், “ஆங்கிலேயருடைய மொழி” என்று உடனே விடை கூறுவான். விடை தவறன்று. ஆயினும் அதனுள் ஓர் அச்சம் மறைந்து கிடக்கிறது. பிறர் வீட்டுப் பாத்திரத்தைக் கையில் எடுத்தவனுக்கு, அது கைதவறி விழுந்துவிடுமோ, உடையவர் கடிந்துகொள்வரோ என்று கூச்சம் உண்டாவது இயல்பு. வேற்று மொழியைப் பேச வாய் திறக்கும் மாணவனுக்கும் அத்தகைய கூச்சமே உண்டாகிறது.

நீலகிரியின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை அடுத்துள்ள சேரம்பாடியில் நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். அந்தக் கூச்சம் விளைக்கும் கேட்டை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரர்களான பிள்ளைகள், ஆங்கிலத் தாள் ஒன்றுக்கு அஞ்சியே படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கச் சென்றதுண்டு. அவர்களுக்கு அறிவு குறைவில்லை. அந்த மொழி தமக்கு உரியதன்று என்ற எண்ணமே தடையாக நின்றது.

அந்த எண்ணம் பொருந்தாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகளை ஏற்படுத்தியவர் ஆங்கிலேயர் அல்லர். அவர் ஜெர்மானியர், பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். நம் நாட்டிற்கு வந்து தங்கிய அவர், தமக்கு அயல்மொழியான ஆங்கிலத்தைப் பிறருக்குக் கற்பிக்க வழி செய்தார். தமக்கு அயல்மொழியான போர்ச்சுகீசியத்தையும் கற்றுக்கொண்டார். ஏன் கற்றார், எவ்வாறு கற்றார் என்பதைத் தெரிந்துகொண்டால் நமக்கும் ஒரு வழி புலப்படும்.

தமிழ்நாட்டில் போர்ச்சுகீசியம் எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். ஐரோப்பியருள் முதலில் நம் கரைகளுக்கு வணிகம் செய்ய வந்தவர்கள் போர்ச்சுகீசியரே. பின்னர் அவர்களுடைய ஆட்சி சோழமண்டலக் கரையில் தளர்ந்தது. நாகப்பட்டினம் 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைக்குச் சென்றது. ஆட்சி போன பின்னும் மொழி போகவில்லை. துறைமுகங்களில் ஒருவர் மொழியை ஒருவர் அறியாத வணிகரும் மாலுமியரும் சிதைந்த போர்ச்சுகீசியத்தையே பொதுமொழியாகக் கொண்டு காரியம் பார்த்தனர். போர்ச்சுகீசியருக்கும் இந்நாட்டு மக்களுக்கும் பிறந்த கலப்பு மரபினரும், ஐரோப்பியர் இல்லங்களில் வேலை செய்த ஊழியர் பலரும் அம்மொழியைப் பேசினர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு 1698ஆம் ஆண்டில் வழங்கப்பெற்ற பட்டயத்தில் ஒரு விதி உண்டு. கும்பெனியின் கோட்டைகளுக்கு வரும் குருமார் ஓராண்டிற்குள் போர்ச்சுகீசிய மொழியைக் கற்றாக வேண்டும். நாட்டு மொழியையும் பயில வேண்டும் என்பதே அவ்விதி. ஆங்கிலேயரும் இந்நாட்டில் முதலில் மாணாக்கராகவே இருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தரங்கம்பாடி அக்காலத்தில் டேனிஷ்காரருடைய துறைமுகம். தஞ்சை நாயக்க மன்னரோடு 1620ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவர்கள் அங்கே கோட்டை கட்டினர். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூச்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர்கள் அத்துறையில் வந்து இறங்கினர். அங்கே வழங்கிய தமிழும் போர்ச்சுகீசியமும் ஆகிய இரண்டுமே அவர்களுக்குப் புதியவை. உழைப்பைப் பகிர்ந்துகொண்டு, புளூச்சோ போர்ச்சுகீசியத்தில் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்கு தமிழை மேற்கொண்டார். தமிழ் கற்க அவருக்கு ஏற்ற இலக்கண நூலோ அகராதியோ கையில் இல்லை. முதியவரான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கே பிள்ளைகளோடு வரவழைத்தார். அப்பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர் அவ்வாறு செய்ய நாணவில்லை. அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழர் ஒருவர், போர்ச்சுகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் சிலவற்றையும் பேசுவார். ஆவணங்களில் அவர் பெயர் அலெப்பா என்று காணப்படுகிறது. வகுப்பறையில் அன்று, வாணிகத் துறையில் மக்களோடு பழகியே அவர் அவற்றை அறிந்திருந்தார். மணலில் எழுதிய அந்தக் கையே பின்னர்ப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியது. அந்நூல் 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது.

இந்த மரபில் வந்தவரே சுவார்ட்ஸ். அவர் 1726ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டில் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். ஹாலே நகரில் பயிலும்போது, தமிழ்நாட்டிலிருந்து திரும்பியிருந்த சூல்ட்ஸ் என்பவரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். நான்கு திங்களுக்குள் தமிழில் சொற்பொழிவு ஆற்றினார். அத்துடன் தமிழ் வந்துவிட்டது என்று அவர் அமைதியடையவில்லை. தமிழ்ப் பள்ளியில் மிகச் சிறிய குழந்தைகளின் வகுப்பை ஏற்றுக்கொண்டார். அக்குழந்தைகளோடு சேர்ந்து தாமும் மழலை பேசக் கற்றதாக அவரே பிற்காலத்தில் குறித்துள்ளார். ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது. கற்பிப்பவர் அவ்வகுப்பிலேயே கற்பவராகவும் இருந்தார். தாம் தடுமாறிய இடம் எது என்று அறிந்தவருக்கே, பிள்ளை தடுமாறும் இடம் எது என்பது தெரியும்.

பின்னர் அவர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கே கோட்டையில் ஆங்கிலப் படை தங்கியிருந்தது. அந்தச் சிப்பாய்களுக்கு உரிய குரு ஒருவரும் இல்லாமையால், சுவார்ட்ஸ் ஆங்கிலத்தை நன்கு பயிலலானார். தொடக்கத்தில் ஆங்கில அறிஞர்கள் எழுதி அச்சிட்ட சொற்பொழிவுகளையே கையில் வைத்துக்கொண்டு படித்தார். நாள் செல்லச் செல்ல நூலின் துணையின்றித் தாமே பேசும் ஆற்றல் பெற்றார். பிறர் எழுதியதை உரக்கப் படிப்பது, பிறகு சொந்த வாய்ச்சொல்லாகப் பேசுவது என்னும் இந்த இரண்டு படிகளையும் நாம் இன்றும் பின்பற்றலாம். செலவு ஒன்றும் இல்லை.

அவர் போர்ச்சுகீசியம் கற்ற காரணம் இன்னும் கருதத்தக்கது. அவர் காலத்தில் இக்கரையில் அம்மொழிக்கு அரசு இல்லை, செல்வாக்கு இல்லை, அதனால் பதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. அதைப் பேசிக்கொண்டிருந்த கலப்பு மரபினருள் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசவேண்டும் என்பதற்காகவே சுவார்ட்ஸ் அதனைக் கற்றார். அவ்வாறே பாரசீகமும் இந்துஸ்தானியும் மராத்தியும் கற்றார். ஆங்கிலம் அன்று வளர்பிறை போல் ஓங்கிக்கொண்டிருந்த மொழி; போர்ச்சுகீசியம் தேய்பிறை போல் குன்றிக்கொண்டிருந்த மொழி. இரண்டையும் அவர் ஒரே கருத்தோடு பயின்றார். எந்த மொழிக்கு மதிப்பு உண்டு என்று அவர் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் எந்த மனிதர் நிற்கிறார் என்றே பார்த்தார்.

இவ்வாறு மக்களோடு பேசிப் பழகியதனால் மக்கள் அவரை நம்பினர். சென்னை அரசாங்கம் 1779ஆம் ஆண்டில் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப வேண்டியபோது, இவரையே தேர்ந்து சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பியது. தஞ்சை மன்னர் துளஜாஜி, தம் மகன்மைப் பிள்ளையாகிய சரபோஜியை இவருடைய பாதுகாப்பில் ஒப்புவித்தார்.

தஞ்சையில் கும்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சலிவன் என்பவரும் சுவார்ட்ஸும் சேர்ந்து, 1785ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கும் திட்டத்தை மேற்கொண்டனர். நம் நீலகிரி நேயர்கள் மயங்க வேண்டா. 1819ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்து உதகமண்டலத்தை உருவாக்கிய கலெக்டர் ஜான் சலிவன் வேறு, இவர் வேறு. கும்பெனியின் இயக்குநர்கள் 1787ஆம் ஆண்டில் அப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் 250 வராகன் வழங்க இசைந்தனர். கும்பெனியாருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே பேச்சுத் தொடர்பு உண்டாக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆயினும் காலப்போக்கில் நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி, அலுவலகத்தில் ஓர் இடம் பெறுவதற்கு உரிய கருவி என்ற அளவில் சுருங்கிவிட்டது. ஆங்கிலம் கற்பித்த சுவார்ட்ஸை நாம் நினைவில் வைத்தோம்; போர்ச்சுகீசியம் கற்ற சுவார்ட்ஸை மறந்தோம். மேலிடத்தாரோடு பேசுவதற்கு ஒரு மொழியைக் கற்கிறோம். நம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கு அவர் மொழியைக் கற்கிறோமா?

இவ்வினாவுக்குச் சேரம்பாடியைப் போன்ற ஊர் நல்லதோர் ஆய்வுக்களம். எங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும். பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினரின் பேச்சும் கேட்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றிற்கு, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இங்கே வாழ்வு அமைந்தது. அக்குடும்பங்களில் ரொட்டியைப் பாண் என்பர். காலணியைச் சப்பாத்து என்பர். கடப்பாரையை அலவாங்கு என்பர். மற்றப் பிள்ளைகள் இச்சொற்களைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு இடமே இல்லை. மூன்றும் போர்ச்சுகீசியச் சொற்களின் வழி வந்தவை.

சிரித்த பிள்ளையின் வாயிலும் அதே மொழி உண்டு. அவன் திறக்கும் சன்னல், திருப்பும் சாவி, புத்தகம் வைக்கும் மேசையும் அலமாரியும், சட்டையில் மாட்டும் பொத்தான், முகம் துடைக்கும் துவாலை, தின்னும் அன்னாசி ஆகிய யாவும் போர்ச்சுகீசியம் தந்த பெயர்களே. பேனா என்னும் சொல்லுக்கு அம்மொழியில் இறகு என்பது பொருள். இறகினால் எழுதிய காலத்தை அது இன்னும் நினைவூட்டுகிறது. மலையாளம் பேசும் பிள்ளை நாற்காலியைக் ‘கசேர’ என்கிறான். அதுவும் அவ்வழி வந்ததே. தோட்டத்தில் வேலை வாங்குபவரை நாம் மேஸ்திரி என்கிறோம். அதன் மூலமான போர்ச்சுகீசியச் சொல்லுக்கு ஆசிரியர் என்றும் பொருள் உண்டு.

இவற்றை வகுப்பில் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது ஒன்று கண்டேன். அதுவரை வாய் திறவாத பிள்ளைகள், தங்கள் வீட்டில் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினர். தன் நாவில் முன்பே ஓர் அயல்மொழி குடியிருக்கிறது என்று அறிந்தவனுக்கு, இன்னொரு மொழிக்கு இடம் தருவது கடினமாகத் தோன்றவில்லை.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, மழலை பேச நாணாதீர்கள். பிழையின்றிப் பேசும் நாள் வரட்டும் என்று காத்திருப்பவனுக்கு அந்நாள் வருவதே இல்லை. இரண்டாவது, நாள்தோறும் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு அதே செய்தியை உங்கள் சொற்களில் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது, ஆங்கிலத்தோடு உங்கள் அண்டை வீட்டார் மொழி ஒன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆனால் அதைக் கற்கும்போது எவரும் உங்களை நகைக்க மாட்டார். மாறாக, மகிழ்ந்து சொல்லித் தருவர். அங்கே அச்சம் நீங்கினால் ஆங்கில வகுப்பிலும் நீங்கும்.

சுவார்ட்ஸ் 1798ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் தஞ்சாவூரில் மறைந்தார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்த அவர், தாய்நாட்டிற்குத் திரும்பவே இல்லை. அவர் வளர்த்த சரபோஜி, பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் ஒன்று அமைத்தார். கல்லறைக்கு உரிய அடிகளைத் தாமே ஆங்கிலச் செய்யுளாக இயற்றினார். ஆசிரியரின் தாய்மொழி ஜெர்மன்; மாணவரின் தாய்மொழி மராத்தி; இருவரும் வாழ்ந்தது தமிழ் மண். இருவருக்கும் உரியதல்லாத மொழியில் ஒரு மாணவர் தம் ஆசிரியருக்கு நன்றி செலுத்தினார். அம்மொழி யாருடையது என்று அவர் எவரிடமும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டா.