படியேறும் கால்களுக்கும் பயிற்சி வேண்டும்

மலையில் கடை நடத்துகிறவர்களுக்குப் படிக்கட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உதகையிலும் குன்னூரிலும் சாலை மட்டத்துக்கு வாசல் அமைந்த கடை எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. நாலு படி ஏறியோ மூன்று படி இறங்கியோதான் பல கடைகளுக்குள் வாடிக்கையாளர் வர வேண்டியிருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டுகிறது. அக்டோபரில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் வருகிறது. உதகைக்கு இரண்டிலும் பங்கு உண்டு. கல்படியில் பாசி பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தப் படிகளில் ஏறி வருகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உருவானது டான்டீ தேயிலைத் தோட்டம். அன்று இளம் வயதில் கொழுந்து பறிக்க வந்த பெண்கள் இன்று எழுபதைத் தாண்டிய பாட்டிகள். பிள்ளைகள் கோவையிலோ திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விட, கணவனும் மனைவியுமாகவோ தனி ஆளாகவோ இருக்கும் முதியோர் வீடுகள் தோட்டத்து லைன்களிலும் இருக்கின்றன, படுகர் ஹட்டிகளிலும் இருக்கின்றன, டவுனிலும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் தமிழகத்தின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13 சதவீதத்துக்கு மேல். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம். மளிகைக் கடையின் பற்று நோட்டைப் புரட்டினாலே இந்தக் கணக்கு நமக்குப் புரிந்துவிடும்.

இவர்களில் ஒருவர் விழுந்தால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். இளம் வயதில் விழுந்தவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார். எழுபது வயதில் எலும்பு வலுவிழந்திருக்கும். இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டை ஒட்டிய எலும்பு முறிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான். அதற்குப் பிறகு பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர். படுக்கையில் கிடப்பதால் வரும் நுரையீரல் சளிக்காய்ச்சல், படுக்கைப்புண் இவற்றுக்கே உயிரை விடுகிறவர்களும் உண்டு. உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனாலும் வீட்டில் ஒருவர் மூன்று மாதம் வேலையை விட்டுப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்தக் குடும்பத்தின் பற்று வரவு என்ன ஆகும் என்பது கடைக்காரருக்குத் தெரியாததல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் அதிகமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழுகிறார்.

"வயசானா விழத்தான் செய்யும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியில்லை என்று நிரூபணமாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

டுனெடின் பாட்டிகள்

நியூசிலாந்தில் டுனெடின் என்றொரு ஊர். நம் ஊரைப் போலவே மேடும் பள்ளமும் குளிரும் உள்ள இடம். அங்குள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வீட்டுக்குப் பிசியோதெரபி நிபுணர் முதல் இரண்டு மாதத்தில் நாலு தடவை மட்டும் போய்க் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மற்றப் பிரிவுக்கு நலம் விசாரிப்பு மட்டும். ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது பயிற்சி இல்லாத பிரிவில் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்த பிரிவில் 88 தடவை. 1997இல் வெளிவந்த முடிவு இது. எண்பது வயதுப் பாட்டியின் காலுக்கும் பலம் ஏற்ற முடியும் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

அதன் பிறகு பல நாடுகளில் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2019இல் கணக்கிட்டார்கள். வீட்டில் தனியாகச் செய்தாலும் ஊர்ப் பொதுவிடத்தில் கூட்டாகச் செய்தாலும், உடற்பயிற்சியால் விழும் தடவைகள் நூற்றுக்கு 23 குறைகின்றன என்பது அதன் முடிவு. சீனத்து தாய்ச்சி பயிற்சியும் பலன் தருகிறது.

இங்கே நம் மலைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "நாங்கள் தினமும் மேடு ஏறி இறங்குகிறோமே, எங்களுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?" நியாயமான கேள்விதான். ஆனால் நடப்பது ஒன்று, விழாமல் நிற்பது வேறொன்று. நடை, இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது வரவேற்கத்தக்க காரியம். என்றாலும் வெறும் நடை மட்டும் விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் போதவில்லை. ஏற்கெனவே கை எலும்பு முறிந்த இங்கிலாந்துப் பெண்களை வேகமாக நடக்கச் சொன்ன ஓர் ஆய்வில், நடந்தவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள்! கால் உறுதிப்படும் முன்னே வெளியே விரைந்ததால் வந்த வினை.

மனிதன் நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்தின் தொடுவுணர்வு மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. கண்புரை ஒன்றைக் கெடுக்கும். நாள்பட்ட சர்க்கரை, பாதத்தை மரத்துப்போகச் செய்யும். தொடைத் தசை ஐம்பது வயதிலிருந்தே மெல்லக் கரைகிறது. இத்தனைக்கும் மேல், இரவில் கம்பளிக்குள்ளிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். இருட்டில், சாக்ஸ் போட்ட காலோடு, வழுவழுப்பான சிமெண்டுத் தரையில், வெளியிலிருக்கும் கழிப்பறைக்கு நடக்கும் அந்தப் பத்தடி தூரம் எந்த மலையேற்றத்தையும்விட ஆபத்தானது.

நாற்காலி ஒன்று போதும்

ஒருவர் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். உட்காருபவர் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். எழுபது வயதை ஒட்டிய ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10 தடவைக்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று அமெரிக்க மருத்துவத் துறையினர் அளவு வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி ஒன்றன் முன் ஒன்றாக வைத்து நிற்க வேண்டும். பத்து விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் அதிகம். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் கை நீட்டித் தயாராக இருக்கட்டும்.

நம் வணிக நண்பர்களும் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் வேலை நம் வேலை. அறுபது வயது முதலாளி, பரணிலிருந்து சோப்புப் பெட்டி எடுக்க ஆடுகிற ஸ்டூல் மேல் ஏறுவதைக் காணாத கடை உண்டா? பையனை ஏறச் சொன்னால் கௌரவக் குறைவா என்ன!

பயிற்சிகளும் இதே மாதிரி எளிமையானவைதான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்வது. காலைப் பக்கவாட்டில் தூக்குவது. சுவரோரம் பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, கயிற்றின் மேல் நடப்பதுபோல் அடிமேல் அடி வைத்து நடப்பது. ஒற்றைக்காலில் நிற்பது. டுனெடினில் கணுக்காலில் எடை கட்டினார்கள். அதற்குக் கடைக்குப் போக வேண்டாம், கடையே நம்முடையது. கெட்டித் துணியில் பை தைத்து, மணலைத் தராசில் அரைக் கிலோ நிறுத்துக் கட்டினால் முடிந்தது. முதல் சில வாரம் எடையே வேண்டாம். பழகியபின் அரைக் கிலோ, பிறகு ஒரு கிலோ.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாற்காலியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே ஆறு மாதம் செய்தால் சமநிலை வளராது. இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு பிடிமானம் இல்லாமல் என்று கொஞ்சங்கொஞ்சமாகக் கடினப்படுத்த வேண்டும். அதனால்தான் தெரிந்தவர் ஒருவர் மேற்பார்வை பார்ப்பது அவசியமாகிறது. வாரம் மூன்று நாள், தடவைக்கு அரை மணி நேரம். விட்டுவிட்டால் பலனும் போய்விடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது இப்படிச் சமநிலையும் பலமும் தரும் பயிற்சி செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லியிருக்கிறது.

தனியாகச் செய்யச் சொன்னால் பாதிப்பேர் இரண்டாம் வாரம் நிறுத்திவிடுவார்கள். நாலு பேர் கூடினால்தான் பேச்சும் சிரிப்புமாக நடக்கும். இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. சங்கக் கட்டடமோ, கோயில் மண்டபமோ, ஹட்டியின் சமுதாயக் கூடமோ எதுவானாலும் சரி. படியில்லாத வாசல், உறுதியான பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், வழுக்காத தரை இருந்தால் போதும். பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், வேண்டாம். குளிர் நாளில் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார். வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு வைத்தால் வருவார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு டீ கொடுத்தால் மறுபடியும் வருவார்கள். டீக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா!

யார் சொல்லிக் கொடுப்பது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வந்தது. பிசியோதெரபி நிபுணர் என்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அதிகாரிக்கு அறிமுகமானவராகத்தான் இருப்பார். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, முதல் சில வகுப்புகளுக்கு அவரை அனுப்பும்படி கேட்கலாம். அவரிடம் பயின்ற நம் வீட்டு மருமகளோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ பிறகு தொடர்ந்து நடத்த முடியும். மார்வலி, அடிக்கடி மயக்கம், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகு வர வேண்டும்.

கடைக்குள் செய்ய வேண்டியது

பயிற்சி ஒருபக்கம் நடக்கட்டும். நம் வாசலையும் பார்ப்போம். மழைக்காலத்தில் வாசலில் போடும் நனைந்த சாக்கு, கால் துடைக்கப் போட்டதுதான். மடிந்து சுருண்டால் அதுவே தடுக்கிவிடும். படியோரத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு, பக்கத்தில் பிடித்து ஏற ஒரு இரும்புக் குழாய், வாரம் ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் பாசி போய்விடும். செலவு அதிகமில்லை. வெங்காய மூட்டையையும் எண்ணெய் டின்னையும் நடைவழியில் அடுக்காமல் இருந்தால் செலவே இல்லை.

முக்கியமானது சுமை. இரண்டு கையிலும் பை தொங்க ஈரப்படியில் இறங்கும் பாட்டிக்குப் பிடித்துக்கொள்ளக் கை எங்கே இருக்கிறது? பத்துக் கிலோ அரிசியை ஐந்து ஐந்தாக இரண்டு தடவை கொடுக்கலாம். தோளில் மாட்டும் பையில் போட்டுக் கொடுக்கலாம். வீட்டுக்கே அனுப்பினால் இன்னும் நல்லது. 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டத்தை அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அரசாங்கத்தால் முடியும்போது தெருமுனைக் கடையால் முடியாதா? வாடிக்கையும் கைவிட்டுப் போகாது.

கடையிலேயே ஒருவர் விழுந்துவிட்டால், பதறிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. முதலில் பேச்சுக் கொடுங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது, நினைவு தடுமாறுவது இவற்றில் எது இருந்தாலும் அசைக்காமல் கம்பளி போர்த்தி 108க்குப் போன் செய்யுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால், ஒருக்களித்துத் திரும்பி, முட்டி போட்டு, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து அவராகவே எழட்டும். நாம் அணைவாக நின்றால் போதும். தலையில் அடிபட்டவர், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மற்றவர்களைத் தனியே அனுப்பாமல் பையனைக் கூட அனுப்பி, சாயந்தரம் வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். தினமும் பால் வாங்க வருகிற தாத்தா இரண்டு நாளாக வரவில்லையென்றாலும் அந்த போனைப் போடலாம்.