பச்சை நிழல் விழுந்த முகங்கள்

கோடம்பாக்கத்தில் எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில், அவற்றுக்கான பேனர்கள் வண்ணத்தில் இருந்தன. ஏவி.எம். ஸ்டுடியோ 1948-இல் காரைக்குடியிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. விஜயா வாகினியின் தளங்களில் இரவு பகலாக விளக்கு எரிந்தது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் முழுநீள வண்ணப்படமாக வந்த பிறகும் பல ஆண்டுகள் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான். ஓவியர் கைக்கு வந்த ஸ்டில்லும் அப்படியே. உள்ளங்கை அகலமுள்ள அந்தப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, பத்தடிக்கு இருபதடித் துணியில் அவர் ஒரு முகத்தைத் தீட்ட வேண்டும். ‘பாசமலர்’ அண்ணனின் துயரத்துக்கு என்ன நிறம், வில்லனின் கண்ணோரத்தில் எந்தச் சிவப்பு என்பதை ஸ்டில் சொல்லாது. அதை முடிவுசெய்தவர் ஓவியர்தான்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே பேனர் ஓவியத்தை விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. உணர்ச்சியை நடிகர் கொடுத்தார். அந்த உணர்ச்சிக்கு நிறத்தை ஓவியர் கொடுத்தார்.

வேலை நடந்த விதம் எளிமையானது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு முதலில் பூச்சு கொடுத்துக் காயவைப்பார்கள். ஸ்டில்லின் மேல் சின்னக் கட்டங்கள், துணியின் மேல் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். அல்லது இருட்டிய பிறகு விளக்கு வைத்துப் படத்தைத் துணிமேல் விழச்செய்து, கரித்துண்டால் ஓரக்கோடு. பொடி நிறங்களை எண்ணெயில் குழைத்துக்கொள்வார்கள். பின்னணியும் உடையும் உதவியாளர்கள் பங்கு. எழுத்துக்கு ஒரு கை தனியாக இருக்கும். முகம் மட்டும் தலைமை ஓவியருக்கு. அவர் கன்னத்தில் ரோஜா நிறம் வைப்பார், தாடைக்குக் கீழே நீலம், கண்குழியில் பச்சை, மூக்குத் தண்டில் ஒரே இழுப்பில் மஞ்சளோ வெள்ளையோ. பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் பட்டை பட்டையான வண்ணம். சாலைக்கு அப்பால் போய்த் திரும்பினால் ஒருவர் அழுதுகொண்டிருப்பார்.

இது யாரும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த முறை இல்லை. தெருக்கூத்தில் துரியோதனனின் ஒப்பனையைக் கடைசி வரிசையில் குந்தியிருப்பவரும் படித்துக்கொள்ள வேண்டும் என்ற தேவை எதுவோ, அதுவேதான் பேருந்து ஜன்னலுக்கும் இருந்தது. நாடகத் திரைச்சீலை எழுதியவர்கள் காலண்டர் படத்துக்கு வந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு அந்த வழியில் வந்த பெரியவர். திரைச்சீலைக் கையும் காலண்டர்க் கையும் சேர்ந்தே சினிமாவுக்கு வந்தன. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. பழைய பேனர் ஒன்றில் இவற்றில் நான்கையாவது பார்க்கலாம். நடுவில் பெருமிதம், வலது ஓரத்தில் அழுகை, மேல் மூலையில் வெகுளி, கீழே நகைச்சுவை நடிகரின் முகத்தில் நகை. படத்தின் கதை முழுவதும் உணர்ச்சிகளாகப் பிரிந்து துணியில் கிடக்கும்.

‘வணங்காமுடி’ 1957-இல் வந்தபோது சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜி கணேசனுக்குச் சுமார் 80 அடியில் கட்-அவுட் நின்றது. அந்த அளவில் முகம் மட்டுமே ஆளைவிடப் பெரிது. தான் தீட்டும் முகத்தை ஓவியர் அப்போது முழுதாகப் பார்க்க முடியாது. துண்டு துண்டாகத்தான் தெரியும். ஆனாலும் மொத்தமாகச் சேர்த்து நிறுத்தினால் அந்தப் பார்வை பார்ப்பவரின் மேல் வந்து விழும்.

அதே ஆண்டுகளில், கோடம்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தமான எழும்பூருக்கு அருகே, ஓவியம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கு 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமை ஏற்றார். அதற்கு முன் காந்தி, கிறிஸ்து, தாயும் சேயும் என்று மனிதர்களைத் தீட்டியவர் அவர். 1963-லிருந்து அவர் கித்தானில் முகம் மறைந்தது. ஜாதகக் கட்டங்கள், எழுத்துகள், குறிகள், கணக்குப் பலகை போன்ற பரப்புகள் வந்தன. மேற்கத்திய நவீனத்தின் நகலாக இல்லாமல் இந்த மண்ணின் நவீனம் எது என்ற தேடல் அது. 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, அந்தத் தேடலுக்கு ஓர் ஊரே கிடைத்தது. சென்னை இயக்கம் என்று இன்று சொல்லப்படும் மரபில் கோடுதான் முதன்மை.

உணர்ச்சி அங்கே இல்லை என்று சொன்னால் அநியாயம். அது முகத்தை விட்டுக் கோட்டுக்குள் போய்விட்டது. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் முகபாவம் என்று தனியாகப் பிரித்துக் காட்ட அதிகம் இல்லை. கறுப்பு மையின் அடர்த்தியிலும் விட்டுவிட்ட வெள்ளையிலும் அந்தக் கிழவரின் தனிமை இருக்கிறது. கே. ராமானுஜத்தின் மைச்சித்திரங்களில் வளைவுகளும் கோபுரங்களும் அடர்ந்த கனவு நகரங்களுக்குள், தொப்பி போட்ட ஒரு சின்ன உருவமாக அவரே இருப்பார். 1973-இல், 33 வயதில், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்தப் படங்களில் யாரும் அழுவதில்லை. ஆனால் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த நகரங்களின் நெரிசலில் இருக்கும் வெறுமை மறக்காது.

உணர்ச்சி முகத்திலா, அதற்கு வெளியிலா என்ற இந்த வழக்கு உலகத்தில் முன்பிருந்தே நடந்தது. 1893-இல் எட்வர்ட் முங்க் ‘அலறல்’ படத்தில் வானத்தையே அலறவிட்டார். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்து மார்க் ரோத்கோ வெறும் வண்ணச் செவ்வகங்களை வைத்துக்கொண்டு, மனிதரின் அடிப்படை உணர்ச்சிகளைத் தவிர வேறெதிலும் தனக்கு அக்கறை இல்லை என்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் கருத்தே கலை என்றார்கள்; உணர்ச்சி என்ற சொல் கலைக்கூடத்தில் சற்றுக் கூச்சத்துக்குரியதாக ஆனது. நம் ஊரில் அந்தக் கூச்சத்துக்குத் தனிப் பெயரே இருந்தது. மிகையாகத் தெரிந்த எந்தப் படத்தையும் “சினிமா பேனர் மாதிரி” என்று சொல்லித் தள்ளுவார்கள்.

இந்த நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் பேனர் கை நின்றது. ஃப்ளெக்ஸ் இயந்திரம் வந்தது. ஒரு குழு பல நாள் நின்று செய்ததை அது சில மணி நேரத்தில் துப்பிக் கொடுத்தது, விலையும் குறைவு. நடிகரின் சாயலும் பிசகாது. தயாரிப்பாளர் மீது குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் முகத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். இன்று படம் தொடங்கும்போதே ‘ஃபர்ஸ்ட் லுக்’ வெளியாகிறது. மாலையில் குறித்த நேரத்தில், கைபேசித் திரையில், ஆறங்குல அளவில். தாடி, முறைப்பு, நெற்றியில் ரத்தம். எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதமும் வெகுளியும் மிஞ்சின. அழுகையும் மருட்கையும் இளிவரலும் சுவரொட்டியிலிருந்து வெளியேறிவிட்டன. நாயகன் அழுவதைப் பெரிய பேனரில் நிறுத்தக் கூச்சப்படாத நகரம் இது. இப்போது ஆறு அங்குலத்தில்கூட அவர் அழுவதில்லை. நிறத்தைக் கணினி மொத்தமாகப் போர்த்துகிறது: ஒரே நீலம் அல்லது ஒரே செம்மஞ்சள், கன்னத்துக்கும் சுவருக்கும் சேர்த்து.

விஜயா வாகினி இருந்த நிலத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஏவி.எம். வளாகத்தின் ஒரு பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது.

கலைக்கூடங்களிலும் ஒரு மாற்றம். முன்பு படத்தின் பக்கத்தில் தலைப்பு, ஊடகம், ஆண்டு என மூன்று வரி இருக்கும். இன்று ஒரு பத்தி இருக்கிறது. புலம்பெயர்வின் வலி, நினைவின் காயம், உடலின் அரசியல் என்று அந்தப் பத்தியில் உணர்ச்சி நிறைந்திருக்கிறது. படம் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. பார்வையாளர் முதலில் பத்தியைப் படிக்கிறார், பிறகு படத்தில் அதைத் தேடுகிறார். நல்ல படங்களும் இப்படித்தான் பார்க்கப்படுகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம். பச்சை நிழல் விழுந்த கண்குழிக்கு யாரும் விளக்கம் எழுதி ஒட்டவில்லை.

இதற்கு நடுவில் எஸ். இளையராஜா என்ற கும்பகோணத்துப் பக்கத்து ஓவியரின் படங்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்தன. கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியக் கல்லூரிகளில் படித்தவர். ஓட்டு வீட்டின் முற்றத்தில் விழும் சாய்வான வெயில், தாவணிப் பெண், அவள் காதோரத்தில் ஒளி. புகைப்படம் போல் இருக்கிறது, இதில் புதுமை என்ன என்று கேட்டவர்கள் உண்டு. மக்கள் அதைக் கேட்கவில்லை; கைபேசியில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்கள். 2021 ஜூனில் கொரோனாவால் அவர் இறந்தபோது, ஓவியக் கண்காட்சிக்கு ஒருநாளும் போயிராதவர்கள்கூட அவருக்காக எழுதினார்கள். அவருடைய பெண்கள் பேனர் முகங்களைப்போலக் கதறுவதில்லை. ஏதோ நினைவில் சற்றே நின்றுவிட்டவர்கள் அவர்கள். அவரது ஒளியில் ஒரு பொன்னான பழமை கூடுதலாகவே இருக்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் முகத்தில் உணர்ச்சி தேடும் பழக்கம் நம்மிடம் செத்துவிடவில்லை என்று நிரூபித்தவர் அவர்.

பேனர் ஓவியர்களுக்கு ஒரு முறை சுவர் திரும்பக் கிடைத்தது. 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி, சுவரொட்டிகளைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் தீட்ட ஏற்பாடு செய்தபோது, அவர்களில் பலர் அந்த வேலைக்கு வந்தார்கள். கோயில், அருவி, நாட்டியம், வரலாற்றுக் காட்சிகள் என்று வரைந்தார்கள். கை அதே கைதான். முகத்தை நெருக்கத்தில் காட்டும் இடம் மட்டும் கிடைக்கவில்லை. பின்னர் வந்த இளைய தலைமுறை அந்த இடத்தைப் பிடித்தது. கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களிலும், 2021-இல் இந்திரா நகர் ரயில் நிலையத்திலும் ஏ-கில் என்ற சென்னை ஓவியரின் பிரம்மாண்ட முகங்கள் எழுந்தன. நட்சத்திரங்கள் அல்ல, சாதாரண மனிதர்கள். சிரிப்பவர்கள், நேராகப் பார்ப்பவர்கள். அறுபது ஆண்டுகளில் இந்த நகரம் அடைந்த லாபத்தைச் சொல்லச்சொன்னால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அன்று அந்த உயரம் கதாநாயகனுக்கு மட்டும். இன்று கண்ணகி நகர்க் குடியிருப்பின் ஒரு குழந்தைக்கும் அது உண்டு.

இழந்ததைத் திரும்பிப் பார்க்கச் சான்றுகள் குறைவு. படம் ஓடி முடிந்ததும் பேனர் துணியின் மேல் மறு பூச்சு அடித்து அடுத்த படத்தை எழுதினார்கள். பணிக்கரின் கித்தான்கள் டெல்லி தேசிய நவீன ஓவியக்கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதே ஆண்டுகளின் பேனர் முகங்கள் புகைப்படங்களாகவும் நினைவாகவும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அந்தக் கைகளில் சில இன்னும் நகரத்தில் இருக்கின்றன. அழுகைக்குத் தாடையில் எவ்வளவு நீலம், வெகுளிக்கு எந்த இடத்தில் சிவப்பை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடமாகத் தெரியும். அது எங்கும் எழுதி வைக்கப்பட்டதில்லை. எழும்பூர் ஓவியக் கல்லூரி அவர்களை அழைத்து, ஒரு பருவம் முழுவதும் மாணவர்களுக்கு ஒரு முகத்தைப் பத்தடித் துணியில் எழுதக் கற்றுத்தரச் சொல்ல வேண்டும். சம்பளம் கொடுத்து, ஆசிரியர் என்ற பெயரோடு, அவர்கள் நிற்கக்கூடிய வயதில் இருக்கும்போதே.