கட்டு இறுகினால் கை மடங்கும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் மாதங்களில் ஒரே மாதிரியான பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். ஆறு வயது, எட்டு வயது இருக்கும். மாமரத்திலிருந்து விழுந்திருப்பான், இல்லையென்றால் ஆற்றுப் படித்துறையில் வழுக்கியிருப்பாள். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த எலும்பு கூடிவிட்டிருக்கும். ஆனால் மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, முன்கை மெலிந்து கட்டைபோல் ஆகியிருக்கும். சேரன்மகாதேவியிலிருந்து வந்தாலும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தாலும் வீட்டார் சொல்வது ஒன்றுதான். “கட்டு அவிழ்த்ததுல இருந்து இப்படி இருக்கு சார். நரம்பு இழுத்துக்கிட்டுன்னு சொல்லுதாங்க.”

நரம்பு இழுத்துக்கொள்ளவில்லை. கட்டுக்குள் இருந்த தசை இரத்தம் கிடைக்காமல் செத்துவிட்டது. செத்த தசை தழும்பாக மாறுகிறது. அந்தத் தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போய், விரல்களுக்குச் செல்லும் தசைநாண்களை இழுத்துப் பிடிக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் அறுவை மருத்துவராக இருந்த ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே இதை எழுதிவிட்டார். இறுக்கமான கட்டுதான் காரணம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அவர் பெயராலேயே இந்த ஊனத்தை இன்றும் அழைக்கிறோம். 140 ஆண்டுகளுக்கு மேலாகக் காரணம் தெரிந்த ஒரு ஊனம் நம் பிள்ளைகளுக்கு இன்னும் வந்துகொண்டிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆறு மணி நேரம்

இரத்த ஓட்டம் முழுதாகத் தடைபட்டால் தசை நான்கு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆறு மணி நேரம் தாண்டினால் போனது போனதுதான். பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாலும் இந்த நேரத்துக்குள் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரலாம். அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. 108-ஐ அழைத்தால் வண்டி வரும். ஆகவே தூரத்தைக் குறை சொல்ல முடியாது. “காலையில பாத்துக்கிடலாம்” என்று தள்ளிப்போடும் அந்த ஒரு இரவுதான் கையைத் தின்கிறது.

“கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும்”

கைகளை அதிகம் கெடுத்த வாக்கியம் இதுதான். முறிந்த எலும்பைச் சரியாகப் பொருத்தி, சரியாகக் கட்டிவிட்டால் வலி நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனால், மருந்து கொடுத்தும் பிள்ளை அடங்காமல் கத்தினால், அது ஆபத்தின் அறிகுறி. ஒரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். கட்டுக்கு வெளியே தெரியும் விரலை மெல்ல நிமிர்த்துங்கள். அப்போது முன்கையில் உயிர்போகிற வலி வந்தால் உள்ளே தசை மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அடுத்த நிமிடமே கிளம்ப வேண்டும். விரல் மரத்துப்போகும் வரையோ வெளுத்து நீலம் பாரிக்கும் வரையோ காத்திருக்கக் கூடாது. அவை பிந்தி வரும் அறிகுறிகள்.

“நாடி துடிக்குது, விரல் சூடாத்தான் இருக்கு, பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பெரிய இரத்தக்குழாயில் நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே தசைக்குள் அழுத்தம் ஏறி, நுண்ணிய குழாய்கள் அடைபட்டுப்போகும். நாடி இருக்கிறது என்பதை வைத்துத் தசை பிழைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

நாட்டு வைத்தியர்கள் சிலர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மேலே மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். முறிந்த கை முதல் இரண்டு, மூன்று நாட்கள் வீங்கிக்கொண்டே போகும். பத்தோ காய்ந்து இறுகும். நடுவில் சிக்கிய தசைக்குப் போக்கிடம் இல்லை. இதைச் சொன்னால் நாட்டு வைத்தியத்தை இழிவுபடுத்துவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கும் ஊர் பாளையங்கோட்டை. சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எக்ஸ்ரே பார்க்காமல், வலி ஏறுகிறதா என்று மறுநாள் கேட்காமல், “பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க” என்று அனுப்புகிறவர்களோடுதான் என் வழக்கு. நாங்கள் போடும் மாவுக்கட்டும் இறுகத்தான் செய்யும். அதனால்தான் வீக்கம் இருக்கும்போது முழுக்கச் சுற்றிக் கட்டாமல் ஒருபக்கம் மட்டும் மாவுப்பட்டை வைக்கிறோம், மறுநாள் வந்து காட்டச் சொல்கிறோம். அப்படிச் சொன்னால் தயவுசெய்து வாருங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. மணிக்கட்டை மடக்கினால் விரல் கொஞ்சம் விரியும். அதைப் பார்த்து “சரியாயிட்டு வருது” என்று மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மணிக்கட்டை நிமிர்த்திப் பாருங்கள், விரல்கள் மறுபடி சுருண்டுகொள்ளும். தசை குட்டையாகிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

எண்ணெய் போட்டு உருவுவது

கட்டு அவிழ்த்ததும் முழங்கை மடங்கவில்லை என்றால் அடுத்த யோசனை தயாராக இருக்கும். எண்ணெய் தேய்த்து, சூடு காட்டி, பிள்ளையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் உருவுவார். அடிபட்ட முழங்கையை இப்படி உருவி, பலவந்தமாக மடக்கி நீட்டினால், கிழிபடும் தசைக்குள்ளேயே புது எலும்பு வளரும். கொஞ்ச நாள் பயிற்சியில் மடங்கியிருக்கக்கூடிய கை, பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். முழங்கையைப் பிள்ளை தானாகவே அசைக்க வேண்டும். வலி தாங்கும் அளவுக்குத்தான் அசைக்க வேண்டும். அடுத்தவர் கை அதில் படவே கூடாது.

பக்கவாதம் வந்த பெரியவர்கள்

இப்படி இறுகிப்போவது பிள்ளைகளின் கை மட்டுமல்ல. பக்கவாதம் வந்தவர்களை நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது இப்போது ஓரளவு பரவியிருக்கிறது. பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. புறா ரத்தம் தேய்ப்பதில் முதல் மாதம் போய்விடும். அசையாத கையும் காலும் எந்த நிலையில் கிடக்கின்றனவோ அந்த நிலையிலேயே தசை குட்டையாகிப்போகும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். சில வாரங்களில் அந்த முழங்கால் நிமிராது, நிமிராத காலில் நிற்க முடியாது. அதன்பின் கால் பலம் திரும்பினாலும் அவர் கட்டிலைவிட்டு எழ மாட்டார். மடங்கிய கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதும் தவறு. ஏற்கெனவே இறுகி மடக்கும் தசைக்கே அது மேலும் வேலை கொடுக்கிறது. அந்தக் கைக்குத் தேவை விரிக்கும் பயிற்சி.

மருந்துக்கடை “செட்”

“கை இறுக்கமா இருக்கு, ஒரு செட் கொடுங்க” என்று கேட்டால் மூன்று, நான்கு மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் வலி மாத்திரை இருக்கும், பெரும்பாலும் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டு நாள் சுகமாக இருக்கும். அதற்குள் சர்க்கரை ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். குட்டையான தசையை நீளமாக்க உலகத்தில் மாத்திரை எதுவும் கிடையாது. நரம்புக்குச் சத்து ஊசி என்று வாரம் ஒன்றாகப் போட்டுக்கொள்வதும் வீண். பீடிக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை இப்படிச் செலவழித்துவிட்டு, முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் தாய்மார்கள் வந்து நிற்கும்போது அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. விற்றவர்கள்மேல்தான் கோபம் வருகிறது.

வந்தால் என்ன செய்வோம்

எக்ஸ்ரே எடுப்போம், தேவைப்பட்டால் நரம்புச் சோதனையும் செய்வோம்.

முதல் சில மணி நேரத்தில் வந்தால், கட்டைத் தோல் தெரியும்வரை வெட்டித் திறப்போம். அழுத்தம் இறங்காவிட்டால் தசையைச் சுற்றிய உறையை உடனே கீறிவிடுவோம். நீளமான வெட்டைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள், ஆனால் அந்த வெட்டுதான் கையைக் காப்பாற்றும். வாரங்கள் கழித்து வந்தால் பிசியோதெரபியும், கையை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டும். இறுகிய தசையை வேகமாக இழுத்தால் கிழியும். மெதுவாக, நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால்தான் நீளும். ஆகவே இரவு முழுக்க ஸ்பிளின்ட் போட்டுத் தூங்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை கோணத்தை மாற்ற வேண்டும். பக்கவாதத்தால் வரும் முறுக்கத்துக்குப் போட்டுலினம் ஊசி உதவும். அதுவும் பயிற்சியோடு சேர்ந்தால்தான்.

மாதங்கள் கடந்து வந்தால் அறுவை சிகிச்சை. தசைநாணை நீட்டலாம், தசையை அதன் பிடிமானத்திலிருந்து பெயர்த்துக் கீழே நகர்த்தலாம், தழும்பில் நசுங்கிய நரம்பை விடுவிக்கலாம். வேலை செய்யும் ஒரு தசைநாணை வேலை செய்யாத இடத்துக்கு மாற்றியும் பொருத்தலாம். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றியே விரித்தார். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால்தான் அந்தக் கைகள் வேலைக்குத் திரும்பும் என்பதையும் அங்கே செய்து காட்டினார்கள். இன்றும் நிலைமை அதுவே. தையல் பிரித்ததும் காணாமல் போகிறவர்களின் விரல்கள் திரும்பவும் மடங்கிவிடுகின்றன.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்

ஆச்சி சொன்னாலும், பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னாலும், பிள்ளை கை முறிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்கு ஒரு நாள் கூலிகூடச் செலவாகாது. படுக்கையில் கிடக்கும் அப்பாவின் மூட்டு ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் முழுக்க மடக்கி நீட்டிவிடுங்கள். பாதம் தொங்காமல் செங்குத்தாக நிற்க ஏதாவது அணை கொடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

கட்டுப் போட்ட இரவில் பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை என்றால் அதட்டித் தூங்கவைக்காதீர்கள். துணிக்கட்டாக இருந்தால் கத்தரிக்கோலை எடுத்துத் தோல் தெரியும்வரை வெட்டிவிடுங்கள். எலும்பு விலகிவிடுமே என்று யோசிக்க வேண்டாம், எலும்பை நாங்கள் மறுபடி பொருத்திக்கொள்வோம். மாவுக்கட்டாக இருந்தால் வெட்ட முயன்று நேரத்தைக் கடத்தாமல் அப்படியே கிளம்புங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே தூக்கிக் கட்டாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மணி இரண்டானாலும் மூன்றானாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும்.