காலேஜுக்குக் கொடுத்த பூங்கா: 20 வருடம் குழி, இன்று குளம்!

நியூயார்க் நகரின் ஹார்லெம் பேட்டையில் ஒரு குளம் இருக்கிறது. தண்ணீரில் வாத்து நீந்துகிறது. கல் மேல் ஆமை வெயில் காய்கிறது. பாறை மேலிருந்து அருவி கொட்டுகிறது. பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

இந்தக் குளம் தானாக உண்டானதல்ல. ஒரு காலேஜுக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டுவதற்காகப் பாறையை உடைத்துத் தோண்டிய பள்ளம்தான் இது! அந்தப் பள்ளம் குளமாவதற்கு 20 வருடத்துக்கு மேல் பிடித்தது. அதற்கு முன்னால் 700 பேருக்கு மேல் கைதானார்கள்.

மேலே காலேஜ், கீழே ஜனங்கள்

பூங்காவின் பெயர் மார்னிங்சைடு பார்க். பரப்பு சுமார் 30 ஏக்கர். 110-வது தெருவில் ஆரம்பித்து 123-வது தெரு வரை ஒல்லியாக நீண்டு கிடக்கிறது. புகழ் பெற்ற சென்ட்ரல் பார்க்கை அமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும்தான் இதற்கும் திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள்.

பூங்காவில் செங்குத்தான பாறைச் சரிவு ஒன்று உண்டு. மேட்டில் கொலம்பியா பல்கலைக்கழகம். பள்ளத்தில் ஹார்லெம். கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அவர்கள் பிள்ளைகள் ஓடி விளையாட இருந்த பசுமை இந்தப் பூங்காதான்.

முதலில் வந்தது வேலி

1950-களில் பூங்காவின் தெற்கு மூலையில் விளையாட்டு மைதானம் அமைத்தது கொலம்பியா. சுற்றிலும் கம்பி வேலி. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நேரம், பேட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு நேரம் என்று ஏற்பாடு. 'பொதுப் பூங்காவுக்குள் போக நமக்கு நேரம் குறிக்கிறார்களே' என்ற முணுமுணுப்பு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அடுத்து வந்தது ஜிம். நியூயார்க்கில் பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்க நகர நிர்வாகம் மட்டும் முடிவு செய்தால் போதாது. மாநில சட்டசபையின் சம்மதம் வேண்டும். சட்டசபை 1960-ல் சம்மதம் தந்தது. 1961-ல் குத்தகை கையெழுத்தானது.

இடம்: 2.1 ஏக்கர். காலம்: 100 வருடம். வாடகை: வருடத்துக்கு 3 ஆயிரம் டாலர்!

இரண்டு வாசல்

பூங்கா நிலம் போவதற்குப் பதிலாக மக்களுக்கு என்ன கிடைக்கும்? ஜிம்மிலேயே ஒரு பகுதி தருகிறோம் என்றது பல்கலைக்கழகம். அந்தப் பகுதி சுமார் எட்டில் ஒரு பங்குதான்.

அதைவிட உறுத்தியது வாசல். மாணவர்கள் மேட்டிலிருந்து மேல் வாசல் வழியாக நுழைவார்கள். ஹார்லெம்காரர்கள் பள்ளத்திலிருந்து கீழ் வாசல் வழியாக நுழைய வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர்களை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ' என்று பெயர். உடற்பயிற்சிக் கூடமும் ஜிம்தானே! 'இது இன்னொரு ஜிம் க்ரோ' என்று கோஷம் கிளம்பியது.

1966-ல் நகரப் பூங்காத் துறைத் தலைவராக வந்த தாமஸ் ஹோவிங்கும் இந்தத் திட்டத்தை எதிர்த்தார். ஆனால் குத்தகைக் காகிதம் காலேஜின் கையில் இருந்தது. 1968 பிப்ரவரியில் இயந்திரங்கள் வந்து இறங்கின. தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாணவர்களே எதிர்த்தார்கள்

ஏப்ரல் 4-ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹார்லெம் கொந்தளித்தது. ஏப்ரல் 23-ந் தேதி கொலம்பியா மாணவர்களே ஜிம் கட்டும் இடத்துக்குப் போய் வேலியைப் பிடுங்கப் பார்த்தார்கள். திரும்பி வந்து கல்லூரிக் கட்டிடங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வியட்நாம் போர் சம்பந்தமான ஆராய்ச்சியில் பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பை அறுக்க வேண்டும் என்பது அவர்களின் இன்னொரு கோரிக்கை.

ஏப்ரல் 30-ந் தேதி விடியுமுன் போலீஸ் புகுந்தது. தடியடி. 700 பேருக்கு மேல் கைது. ஜிம் வேலை நின்றது. அந்த ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் கிரேசன் கிர்க் பதவி விலகினார். 1969-ல் திட்டம் கைவிடப்பட்டது. பிற்பாடு காலேஜ் தன் சொந்த வளாகத்திலேயே, நிலத்துக்கு அடியில் ஜிம் கட்டிக்கொண்டது. ஆக, வேறு இடம் இல்லாமல் இல்லை!

குழியை யார் மூடுவது?

ஜெயித்தாச்சு. ஆனால் பூங்கா திரும்பி வந்ததா? இல்லை. தோண்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. சுற்றிலும் வேலி. 1968-ல் பள்ளிக்கூடம் போன பிள்ளை பெரியவனாகித் தன் பிள்ளையைக் கூட்டி வரும் வரைக்கும் அந்த மூலை யாருக்கும் உதவவில்லை.

1981-ல் பூங்காவுக்கு நண்பர்கள் சங்கம் ஒன்று உருவானது. அதைத் தொடங்க முன்நின்றதும் ஒரு கொலம்பியா மாணவர்தான். கடைசியில் 1989-90-ல் பள்ளத்தில் தண்ணீர் விட்டுக் குளமாக்கி, பாறையில் அருவியும் அமைத்தார்கள். பக்கத்து விளையாட்டுத் திடல்களும் இன்று எல்லாருக்கும் பொது.

பூங்காவுக்குப் பூங்கா

அமெரிக்காவில் 1965-ம் வருடத்து மத்திய சட்டம் ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தின் நிதியில் உதவி பெற்ற பூங்காவை வேறு காரியத்துக்கு எடுத்தால், அதே மதிப்புள்ள, அதே அளவு பயன்படுகிற வேறு நிலத்தைப் பூங்காவாகத் தர வேண்டும்.

சட்டம் இருந்தும் காத்திருப்பு தீரவில்லை. அதே நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2006-ல் யாங்கீஸ் பேஸ்பால் ஸ்டேடியத்துக்காகப் பூங்கா நிலம் போனது. ஸ்டேடியம் 2009-ல் திறந்தாச்சு. பழைய ஸ்டேடியம் இருந்த இடத்தில் மாற்று மைதானம் திறந்ததோ 2012-ல்! ஆறு வருடம் என்பது ஒரு சிறுவனின் விளையாட்டு வயதில் பாதி.

மாற்றுப் பூங்கா தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஜனங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்தான். எங்கே? எப்போது? வாசல் யாருக்கு?

மார்னிங்சைடு குளத்துக்கு இன்று தனி வாசல் கிடையாது. மேட்டுக்காரரும் பள்ளத்துக்காரரும் ஒரே கரையில்தான் உட்காருகிறார்கள்.