மின்னூலும் விலையும்: தம் நூலைத் தாமே வெளியிடும் ஆசிரியர் கருத்திற் கொள்ள வேண்டியவை

அச்சு நூலுக்கு விலை குறித்தல் ஒருவகையில் எளிது. தாள், அச்சுக்கூலி, கட்டுவேலை என்பவற்றின் செலவைப் பிரதிகளின் தொகையால் வகுத்து, விற்பனையாளர் கழிவையும் சேர்த்தால் விலையின் அடித்தளம் கிடைத்துவிடும். மின்னூலுக்கு அத்தகைய அடித்தளம் இல்லை. முதற் பிரதியை ஆக்குவதற்கே உழைப்பும் பணமும் வேண்டப்படுகின்றன. அடுத்த பிரதிக்கு ஆகும் செலவு, பொருளியலார் எல்லைச் செலவு எனக் குறிப்பிடுவது, ஏறத்தாழப் பூச்சியமாகும். எனவே வாசகரின் கேள்வியும் விற்பனைத் தளத்தின் விதிகளுமே விலையைத் தீர்மானிக்கின்றன. பதிப்பகத்தின் துணையின்றி நூல் வெளியிடும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை உணராதவிடத்துத் தம் உழைப்பின் பயனை அறியாமலே இழக்க நேரிடும்.

இதற்கு அமேசன் நிறுவனத்தின் கிண்டில் நேரடி வெளியீட்டுத் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2007 ஆம் ஆண்டு தொடங்கிய இத்தளம் முதலில் விலையில் நூற்றுக்கு 35 பங்கையே ஆசிரியருக்கு உரிமைத்தொகையாக வழங்கியது. 2010 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 70 பங்கு வழங்கும் திட்டமும் சேர்ந்தது. ஆயின், ஐக்கிய அமெரிக்காவில் 2.99 டொலர் முதல் 9.99 டொலர் வரை விலையுள்ள நூல்களே இதற்குரியன. அத்துடன், கோப்பின் ஒவ்வொரு மெகாபைற்றுக்கும் 15 சதம் அனுப்புகைச் செலவாக விலையிலிருந்து முதலிற் கழிக்கப்படும். 35 வீதத் திட்டத்தில் இக்கழிவு இல்லை.

இவ்விதிகளின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 99 சதத்துக்கு விற்கும் நூல் ஆசிரியருக்கு ஏறத்தாழ 35 சதத்தைத் தருகின்றது. ஒரு மெகாபைற்று அளவுள்ள அதே நூல் 2.99 டொலருக்கு விற்றால் 1.99 டொலர் கிடைக்கும். எனவே, விலையை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் ஆசிரியர் முன்னைய வருவாயைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஆறு மடங்கு பிரதிகளை விற்றாக வேண்டும். மறுபுறம், 9.99 டொலர் நூல் 6.89 டொலரைத் தர, 10.99 டொலர் நூல் 3.85 டொலரையே தருகின்றது. விலை ஏற வருவாய் இறங்கும் விந்தையை இங்குக் காண்கின்றோம்.

படங்கள் மிகுந்த நூல்களுக்குக் கணக்கு வேறாகும். 10 மெகாபைற்றுக் கோப்பை 2.99 டொலருக்கு விற்பின், 1.50 டொலர் கழிந்தபின் 70 வீதத் திட்டம் தருவது 1.04 டொலர், 35 வீதத் திட்டம் தருவதும் ஏறத்தாழ அதுவே. ஆதலாற் படங்களின் அளவைச் சுருக்குதலும் விலைக் கொள்கையின் ஒரு கூறேயாகும்.

எனினும், 99 சத விலை எஞ்ஞான்றும் தவறென்று நாம் கூறவில்லை. 2010 ஆம் ஆண்டில் தம் நாவல்களைத் தாமே மின்னூலாக வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் அமண்டா ஹொக்கிங், தொடரின் முதல் நூலை 99 சதத்துக்கும் பின்வரும் நூல்களை 2.99 டொலருக்கும் விற்றுப் பெரு வெற்றி கண்டார். அங்கு முதல் நூலின் குறைந்த விலை அடுத்த நூலுக்கு வாசகரை அழைத்துவரும் விளம்பரமாயிற்று. ஒரே நூலை மட்டும் எழுதியவருக்கு அப்பயன் இல்லை. தனித்துறை ஆய்வு நூல்களை வேண்டுவோர் சிலரே. அவர் விலை குறைந்தமையாற் பன்மடங்காகப் பெருகுவதில்லை. இதனையே பொருளியலார் நெகிழ்ச்சி குறைந்த கேள்வி என்பர்.

இங்கு வேறு இரு விதிகளும் நினைவிற் கொள்ளத்தக்கன. 70 வீதம், தளம் பட்டியலிட்ட நாடுகளில் வாழும் வாசகருக்கு விற்ற பிரதிகளுக்கே உரியது. பதிப்புரிமை நீங்கிய பழைய நூல்களை வெளியிடுவோருக்கு அது கிடையாது; பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்க முனைவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

ஆகவே ஆசிரியர், நூல் எவ்வகையினது, வாசகர் யாவர், அடுத்த நூல் உண்டா, கோப்பின் அளவு யாது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே விலை குறித்தல் வேண்டும். மின்னூலின் விலை அச்சேறிய விலையன்று. அதனை மாற்றி விற்பனையை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். பிறர் குறைத்தனர் என்பதற்காகத் தாமும் குறைத்தல் பணிவாகத் தோன்றலாம். கணக்கறியாது செய்யின் அது இழப்பே ஆகும்.