வழிப்பயணத்தில் வீட்டுத் தமிழ்

திருப்பதியிலிருந்து சென்னைக்குச் சப்தகிரி வண்டியில் செல்லும் நம்மவர், வழியில் கைபேசி அலை அறுந்ததும் பாட்டும் நின்றுபோவதை அறிவர். மும்பை சென்ட்ரலில் 2016 ஜனவரியில் தொடங்கிய ரயில் நிலைய வைஃபையோ நிலையத்தோடு நின்றுவிடும், வண்டியுடன் வாராது.

இக்குறையை நீக்கவல்லது கம்பியில்லா ஹார்டு டிஸ்க். 2011-இல் சீகேட் நிறுவனம் வெளியிட்ட கோஃபிளெக்ஸ் சாட்டிலைட்டில் 500 ஜிபி தட்டு, மின்கலம், வைஃபை மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கின. இணையம் இன்றியே தன்னைச் சுற்றி ஒரு வைஃபை வலையை அது விரிக்கும். தந்தை ஒரு கைபேசியில் பழம்பாடல் கேட்க, பிள்ளை மற்றொன்றில் கதை கேட்கலாம். பென் டிரைவ் மலிவுதான். ஆயினும் அது ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கே உதவும்.

பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து தமிழ் கேட்பது பெரும்பாலும் பயணத்தில்தான். ஆகவே சினிமாவை மட்டும் நிரப்பாது, ஊரில் பாட்டி சொன்ன கதைகளையும் பதிந்து இதில் ஏற்றுக. கடவுச்சொல் இடுதல் அவசியம். இன்றேல் அடுத்த இருக்கைக்காரரும் நம் குடும்பப் படங்களைக் காண்பார்! உள்ளே சுழல்வது மெல்லிய தட்டு. கை தவறி விழுந்து அது பழுதுபட்டால் பாட்டியின் குரலும் போய்விடும். மற்றொரு படியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுக.